தண்ணீர் படக்கூடாத கல்

அத்தியாயம் பதினொன்று

துணி துவைக்கும் இடத்தில் நீல பக்கெட் இருந்தது. அதற்குள் மகாவின் கற்கள் கிடந்தன.

இருபத்திரண்டும். ஒன்றுகூட விடுபடவில்லை.

மகா குனிந்து பார்த்தாள். வெளுத்த நீளக் கல் ஒன்று அடியில் படுத்திருந்தது. அதன் மினுமினுப்பு போயிருந்தது. ஓரம் அரித்த சோப்பைப் போல் இருந்தது. செலினைட். தண்ணீரே ஆகாத கல்.

கோபம் வரும் என்று நின்றாள். வரவில்லை. நாற்பத்தேழு நாட்களாக எதுவுமே வருவதில்லை. பால் நின்றுபோக மாத்திரை கொடுத்தார்கள். அதோடு சேர்ந்து மற்றதும் நின்றுவிட்டது போலிருந்தது.

எட்டாம் மாதம் குழந்தையின் இதயம் நின்றது. பெண் குழந்தை. பல சமயம் காரணம் தெரியாமலே போகும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "நாட்டு மருந்து, கஷாயம், வேற ஏதாவது குடிச்சீங்களா?"

மகா, "இல்லை" என்றாள். நரேஷ் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

நேற்று மாலை அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து மரப்பெட்டியை இழுத்தான். "கழுவினே, நிலால வெச்சே, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு சொன்னே. என்ன கெடைச்சுது நமக்கு? நாளைக்கு இது இந்த வீட்ல இருக்கக் கூடாது."

அவன் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மாமனார் ஜெயவேலு எழுந்து வந்து, பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். 

அங்கிருந்து கற்கள் பக்கெட்டுக்கு வந்திருக்கின்றன.

கூடத்தில் ஜெயவேலுவின் குரல் கேட்டது. இன்று பௌர்ணமி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தர் சிலைக்கு முன் உட்கார்ந்து பஞ்ச சீலம் சொல்லிக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயலில், கேஜிஎஃப்பில், அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. பௌர்ணமி என்றால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

"உயிரைக் கொல்லாமல் இருப்பேன்."

மகா பக்கெட்டின் விளிம்பைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளும் கூடவே சொல்லிப் பழகியவள். இந்த நாற்பத்தேழு நாட்களில் அந்த முதல் வரி அவள் வாயிலிருந்து வரவில்லை.

"கொடுக்காததை எடுக்காமல் இருப்பேன். தவறான வழியில் போகாமல் இருப்பேன். பொய் பேசாமல் இருப்பேன். மதி மயக்குவதைக் குடிக்காமல் இருப்பேன்."

ஐந்தும் வந்துவிட்டன.

இந்த வீட்டில் அதை எண்ணும் பழக்கம் உண்டு. தான் மீறிய வரியை ஜெயவேலு அன்றைக்குச் சொல்ல மாட்டார். மைன்ஸில் சம்பளம் போட்ட நாளும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் நாலோடு நிறுத்திவிடுவார். மாமியார் தனலக்ஷ்மி அடுப்பங்கரையில் இருந்தபடியே விரல் விட்டு எண்ணுவாராம். "நாலுல நின்னா அன்னைக்குக் கொழம்புல உப்பு இருக்காது," என்று நரேஷ் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஜெயவேலு குடியை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மாமியாரும் போய்விட்டார். குடியை விட்டது முதல் ஐந்தும் தவறாமல் வருகின்றன.

ஜெயவேலு துண்டோடு வந்தார்.

"தொடாதம்மா. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

"மாமா, இதுல பாதிக்குத் தண்ணி ஆகாது."

"கல்லுக்கா?"

"ஆமா."

அவர் அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"பெட்டியத் தெறந்தேன், அவ்ளோ தூசி. ஒரு மாசத்துக்கு மேல கட்டிலுக்குக் கீழ கெடந்துதில்ல? காய்ஞ்ச கல்லைத் தொடைச்சா தூசி மூஞ்சிக்கு வரும். மைன்ஸ்ல தண்ணி அடிக்காம கல்லுல கை வெச்சா மேஸ்திரி மேல ஏத்தி அனுப்பிடுவான். என்கூட சேர்ந்தவங்க பாதி பேரு அந்தத் தூசிலதான் போனாங்க." துண்டைத் தோளில் போட்டார். "ஒரு கை உப்பும் போட்டேன். நீ உப்புல வெச்சிருந்ததப் பாத்திருக்கேன்."

"அது காஞ்ச உப்பு, மாமா. அதுவும் ஸ்படிகத்துக்கு மட்டும்."

"ஓ."

அவர் பக்கெட்டைப் பார்த்தார். இருபத்தேழு வருஷம் பூமிக்கடியில் பாறையைக் கழுவி, சில்லு பெயர்த்து, பையில் போட்டு, சீட்டு எழுதி மேலே அனுப்பியவர். சாம்ப்ளிங் செக்‌ஷன். மைன்ஸ் மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலில் வந்து போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். அப்போதும் தெருவில் ஒரு கல் கிடந்தால் எச்சில் தொட்டுப் பார்க்காமல் போக மாட்டார்.

"தப்பு பண்ணிட்டேனா?"

"பரவால்ல மாமா."

"பரவால்லன்னு சொல்லாத. எது எது போச்சுன்னு சொல்லு."

பின்பக்க பால்கனியில் பழைய வேட்டியை விரித்தார். மகா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கித் துடைத்து வரிசையாக வைத்தார்.

"இது அமெதிஸ்ட். தண்ணி பரவால்ல. வெயில்ல ரொம்ப நேரம் வெச்சா நெறம் வெளுத்துடும்."

"ம்."

"இது ரோஸ் குவார்ட்ஸ். இதுவும் அப்படித்தான்."

"இது எனக்குத் தெரியும்." பைரைட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் ஒரு பக்கம் ரத்தம் காய்ந்த நிறத்தில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. "தங்கம்னு மடியில கட்டிக்கினு வந்து கேட்ல மாட்னவன் எத்தனையோ பேரு. தண்ணில துரு புடிக்கிற கல்லாச்சே இது. உப்பு வேற போட்டேன். எனக்கே தோணல பாரு."

ஒரு தெளிந்த ஸ்படிகத்தை எடுத்தார். மடக்குக் கத்தியைப் பிரித்து அதன் ஓரத்தில் இழுத்தார்.

"பாத்தியா? வழுக்கினு போவுது. ஸ்படிகத்துல கத்தி எறங்காது. கண்ணாடிலயும் எறங்காது. மெத்துன்னு இருக்கிற கல்லுல மட்டுந்தான் எறங்கும்." செலினைட்டை எடுத்தவர் கத்தி வைக்கவில்லை. நகத்தால் கீறினார். வெள்ளைத் தூள் வந்தது. "இது பாவம். இதப் போயி ஊற வெச்சேனே."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு ஓனர் காந்தா அம்மா. தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது, சம்ப் தொட்டி நிரம்பிவிட்டது என்று சொல்ல வந்தவர், வேட்டியைப் பார்த்து நின்றார்.

"ஏனு ஜெயவேலு அவரே, கல்லு அங்கடி இட்டித்தீரா?" கல்லுக்கடை வைத்திருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஹௌதம்மா. கேஜிஎஃப் மத்தே ஓபன் ஆய்த்து."

கேஜிஎஃப் மறுபடி திறந்துவிட்டது என்றதும் காந்தா அம்மா சிரித்தார். மகாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "ஊட்டா மாடம்மா, சென்னாகி ஊட்டா மாடு," என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். நாற்பத்தேழு நாட்களாக எல்லோரும் நன்றாகச் சாப்பிடத்தான் சொல்கிறார்கள்.

பக்கெட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. பச்சைக் கல். கோழிமுட்டை அளவு. கரும்பச்சையும் இளம்பச்சையுமாக வளையம் வளையமாக இருந்தது.

மகா அதை எடுக்கவில்லை. ஜெயவேலு கைவிட்டு எடுத்தார்.

"இது?"

"மாலகைட்."

"இதுக்குத் தண்ணி ஆவுமா?"

 பெட்டியின் மூடி பக்கத்தில் கிடந்தது. உள்பக்கம் அவள் ஒட்டிய தாள். கல்லின் பெயர், தண்ணீர், உப்பு, வெயில், நிலா. ஆகும் என்றால் ஒரு குறி, ஆகாது என்றால் ஒரு குறி. ஜெயவேலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். விரல் கடைசி வரியில் நின்றது.

*செம்பு கலந்த கல். தண்ணீரில் போடவே கூடாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது.*

"எல்லாம் நீல மை," என்றார். "இது மட்டும் கறுப்பு."

மகா தரையைப் பார்த்தாள்.

"சீட்டு எழுதின கையி, அதனால கண்ணு அங்கதான் போவுது. எப்ப எழுதுனம்மா இத?"

"ஆஸ்பத்திரிலருந்து வந்தப்புறம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"என் ஃப்ரெண்டு நிருபமா குடுத்தா. வளைகாப்புக்கு. பிள்ளை பெறப் போறவளுக்கு ஏத்த கல்லுன்னா. தலகாணிகிட்ட வெச்சுக்க, சுகமா ஆவும்னுதான் சொன்னா. தண்ணில போடச் சொல்லல. அது நானா ஒரு வீடியோல பாத்தது. ராத்திரி பாட்டில்ல போட்டு வெச்சு, காலைல குடிச்சேன்."

"எத்தன நாளு?"

"ஒம்போது நாள்."

"எப்ப?"

"ஏழாம் மாசக் கடைசில."

அவள் குரல் யாருடையதோ போல இருந்தது. ரேஷன் கடையில் விலாசம் சொல்கிற குரல்.

"டாக்டர்கிட்ட?"

"சொல்லல."

"நரேஷு?"

"தெரியாது."

கீழே டேங்கர் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. ஜெயவேலு கல்லை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். வெயிலுக்குத் திருப்பினார். பிறகு கத்தியின் முனையை வைத்து ஒரு இழு இழுத்தார். இளம்பச்சையாகக் கொஞ்சம் தூள் அவர் கட்டைவிரலில் விழுந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்தார்.

"கண்ணாடி," என்றார்.

மகா நிமிர்ந்தாள்.

"கண்ணாடிம்மா. பாட்டில உருக்கி, சாயம் போட்டு ஊத்தறது. சிட்டி மார்க்கெட்ல கிலோ கணக்குல விக்கிறான். உன் ஃப்ரெண்ட நல்லா ஏமாத்திட்டான் எவனோ."

"நெஜமாவா மாமா?"

"இருவத்தேழு வருஷம் கல்லுதான் பாத்தேன்."

"அப்ப அந்தத் தண்ணி?"

"கண்ணாடி கிளாஸ்ல தண்ணி குடிக்கறதில்லையா நாம? அது மாதிரிதான்."

கல்லைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இது உன் பெட்டில இருக்க வேணாம். கல்லே இல்ல. நான் தூக்கிப் போட்டுடறேன்." எழுந்தார். முழங்கால் சொடக்கிட்டது. பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசிக் கவிழ்த்து வைத்தார்.

மகா உட்கார்ந்தே இருந்தாள். ஏதோ இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதைக் கேட்டு வாங்கினாள். ஜெயவேலு ஊற்றினார். அவருடைய தோசை எப்போதும் நடுவில் கிழியும். இன்றும் கிழிந்தது. அவர் சாப்பிடவில்லை. பௌர்ணமி என்றால் ஒரு வேளைதான் என்றார். போன பௌர்ணமிக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் படுத்தாள். மாத்திரை போடாமலே தூங்கிப்போனாள்.

விழித்தபோது நரேஷ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. காலடியில் ஒரு அட்டைப் பெட்டி, காலியாக. கற்களை அள்ளிப்போடக் கொண்டு வந்தது என்று தெரிந்தது.

"எந்திரிச்சுட்டியா? குறட்டை விட்டே."

"நானா?"

"பின்ன கீழ் வீட்டு ஓனரா?"

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக அட்டைப் பெட்டியைக் காலால் தள்ளினான்.

"மகா, நேத்து நான் சொன்னது தப்பு. யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்துச்சு. கல்லு திருப்பிப் பேசாது இல்ல?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கிரீஸ். குழந்தையை மூன்று நிமிஷம் ஏந்தியிருந்த கை. அவள் ஏந்தவில்லை. வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இன்னைக்குப் பௌர்ணமி," என்றான். "நிலால வெப்பியே? வெய்யி. நானும் மாடிக்கு வரேன்."

சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஒன்பது நாள், பாட்டில், டாக்டர் கேட்ட கேள்வி. பிறகு நினைத்தாள்: எதற்கு? அது கண்ணாடி. சொல்ல ஒன்றுமில்லை.

"சரி," என்றாள்.

ஆறரைக்கு இருவரும் மாடிக்குப் போனார்கள். கிழக்கே ஃபேக்டரிக் கூரைகளுக்கு மேல் நிலா மங்கலான மஞ்சளாக வந்திருந்தது. மகா எவர்சில்வர் தட்டில் துணி விரித்துக் கற்களை வைத்தாள். நரேஷ் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டான். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் முறை. அரித்துப்போன செலினைட்டைக் கையில் வைத்திருந்தான்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"மாமா கழுவிட்டார்."

"எங்கப்பா உன்னைத் தவிர எல்லாத்தையும் கழுவிட்டாரு."

தட்டில் இருபத்தொன்று இருந்தன. அவன் எண்ணவில்லை.

கீழிருந்து ஊதுவத்தி வாசனை வந்தது. மாலைப் பாடம் தொடங்கப்போகிறது. இருவரும் இறங்கி வந்து ஜெயவேலுவுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். நரேஷ் சம்மணம் போட்டுக்கொண்டான். சிலைக்கு முன் ஒரு மெழுகுவத்தியும் நந்தியாவட்டைப் பூவும் இருந்தன. ஜெயவேலு கை கூப்பினார். 

"உயிரைக் கொல்லாமல் இருப்பேன்."

"உயிரைக் கொல்லாமல் இருப்பேன்," என்றாள் மகா.

சத்தமாகவே வந்துவிட்டது. நரேஷ் திரும்பிப் பார்த்தான். ஜெயவேலுவின் முதுகு அசையவில்லை. ஆனால் அடுத்த வரி வர நேரமாயிற்று.

"கொடுக்காததை எடுக்காமல் இருப்பேன்."

மூவரும் சொன்னார்கள்.

"தவறான வழியில் போகாமல் இருப்பேன்."

மூவரும் சொன்னார்கள். மகா நான்காவது வரிக்கு வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

"மதி மயக்குவதைக் குடிக்காமல் இருப்பேன்," என்றார் ஜெயவேலு.

கூட யாரும் சொல்லவில்லை.

மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவர் தரையில் நெற்றி வைத்து வணங்கினார். எழ நேரமாயிற்று.

கத்தி கண்ணாடியில் இறங்காது. காலையில் அவரேதான் சொன்னார். பச்சைத் தூள் அவர் விரலில் விழுந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் மூன்று தோசை சாப்பிட்டாள்.

"அப்பா," என்றான் நரேஷ். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு. "அஞ்சாவது வந்துது, நாலாவதக் காணோம். இன்னைக்கு யாருகிட்ட பொய் சொன்னீங்க?"

ஜெயவேலு திரும்பவில்லை. அவருடைய கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. வெள்ளைத் துணிக்குள் கோழிமுட்டை அளவில் ஏதோ புடைத்திருந்தது. தூக்கிப் போடவில்லை அவர்.

"இன்னா அது பாக்கெட்ல?"

அவர் அப்போதும் திரும்பவில்லை. இன்னொரு பொய்யைத் தேடுகிறார் என்று மகாவுக்குத் தெரிந்தது. கிடைக்காமல் தவிக்கிறார் என்றும் தெரிந்தது. எழுபது வயதில் அவருக்கு அதில் பழக்கமில்லை.

அவள் எழுந்து போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா."

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"குடுங்க. நானே சொல்றேன்."

அவர் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நாள் முழுக்க நெஞ்சோடு கிடந்ததில் கல் சூடாக இருந்தது. நாற்பத்தேழு நாட்களில் அவள் கை உணர்ந்த முதல் சூடு அதுதான்.

மகா நரேஷ் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது.